ராமநாதபுரத்தில் ஒரு நாள் ஓய்வு: ராமேஸ்வரம் போய் வரலாமா, சும்மா கிடக்கலாமா?

கத்தரிக்கோல் (கும்பகோணம்)

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துலேருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போய்க்கிட்டிருக்கேன். மன்னார்குடி, பட்டுக்கோட்டை வழியா மனோராகிட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம்னு இறங்கி நேத்து சாயங்காலம் ராமநாதபுரம் வந்து சேர்ந்தேன். இன்னிக்கு ஓய்வு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ், மூணாவது மாடி. சைக்கிளையும் தூக்கிக்கிட்டு ஏறிட்டேன். மேனேஜர் முகத்தைச் சுளிச்சார், ஆனா தடுக்கலை.

தொழில் ஜென்ட்ஸ் டெய்லர். பொங்கல் தையல் எல்லாம் குடுத்து முடிச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்பல்லாம் ரெடிமேடு கோட்டுக்குப் போயிடுறாங்க, அதனால தை மாசம் எனக்கு வேலை கம்மி. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி வர்ற வரைக்கும் கடையில உக்காந்து ரேடியோ கேக்குறதுதான். அதுக்கு ரோட்டுல இருக்கலாமேன்னு கிளம்பினேன்.

இப்ப கேள்விக்கு வர்றேன்.

ஒண்ணு, கை. வலது கையில சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் மரத்துப்போகுது. முதல்ல ஓட்டும்போது மட்டும்தான் இருந்துச்சு, கையை உதறினா சரியாயிடும். இன்னிக்குக் காலையில எழுந்திரிச்சப்பவும் லேசா இருக்கு. இது காஜா எடுக்கிற கை. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டே காட்டனா டெரிகாட்டனான்னு சொல்றவன் நான். காலையில போர்வையைச் சுண்டுவிரலால தடவினேன், நெசவே தெரியலை. கால் வலி, தொடை வலி எல்லாம் ஒரு பெரிய விஷயமா படலை, இதுதான் பயமா இருக்கு. ஒரு நாள் ஓய்வு போதுமா?

ரெண்டு, ராமேஸ்வரம். "அவ்வளவு தூரம் போயிட்டு ராமநாதசாமியைப் பாக்காம வருவீங்களா"ன்னு வீட்டுல கேக்குறாங்க. இங்கேருந்து போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல, வர அதே. பையெல்லாம் ரூம்ல போட்டுட்டு வெறும் வண்டியில போனா அதுவும் ஓய்வுதானேன்னு ஒரு நினைப்பு.

மூணாவது கேள்விதானான்னு எனக்கே தெரியலை. ஓட்டுற அன்னிக்கெல்லாம் ஒரு யோசனையும் கிடையாது. அடுத்த டீக்கடை எங்க, தண்ணி எவ்வளவு இருக்கு, அவ்வளவுதான். இன்னிக்குக் கட்டில்ல சாஞ்சதும் கடை வாடகை, சின்னவ காலேஜ் ஃபீஸ், ரெண்டு வருஷமா பாக்கி வச்சிருக்கிற கஸ்டமர் எல்லாரும் வரிசையா வந்துட்டாங்க. ஜன்னலுக்குக் கீழயே பஸ் ஸ்டாண்டு. கண்டக்டர் "தஞ்சாவூர், தஞ்சாவூர்"னு கூப்பிடுறப்பல்லாம், சைக்கிளை மேல போட்டுட்டு ஏறிட்டா ராத்திரி வீட்டுச் சாப்பாடுன்னு தோணுது. மீமிசல் பக்கம் நாக்கு வறண்டு கிடந்தப்பகூட இப்படி வரலை. உங்களுக்கெல்லாம் இப்படி வருமா?

அறுநூறு கி.மீ. (கோவை)

முதலில் கை. சுண்டுவிரல், மோதிர விரலின் பாதி: இந்த இரண்டுக்கும் உணர்வு தருவது அல்நார் நரம்பு. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று இழுக்குமே, அதே நரம்புதான். மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிறது. ஹேண்டில்பாரில் நாம் எடையை ஊன்றுவதும் சரியாக அந்த இடத்தில்தான். மணிக்கணக்கில் அழுத்தினால் மரத்துப்போகும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது இது.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடித்து, மறு கையால் இழுத்துப் பாருங்கள். இடது கையிலும் அதையே செய்யுங்கள். இரண்டு கையும் ஒரே பலத்தில் பிடித்தால், பாதிப்பு உணர்வோடு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வலது கையில் மட்டும் காகிதம் சுலபமாக உருவிக்கொண்டு வந்தாலோ, விரல்களை விரிக்க முடியாவிட்டாலோ பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கு அந்த விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம்.

அடுத்தது, காரணத்தைத் தேடுங்கள். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா? சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தாங்குவது கைதான். அதைச் சரிசெய்யாமல் ஒரு வாரம் படுத்தாலும், மறுபடி ஏறிய அன்றே திரும்ப வரும்.

ராமேஸ்வரம் சைக்கிளில் வேண்டாம். போக வர நூறு கி.மீ.க்கு மேல் ஓட்டுவதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஓய்வு என்று வைக்க முடியாது. தசையில் இருக்கும் கிளைக்கோஜன் (உழைப்புக்காக உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சேமிப்பு தீர்ந்தால், வயிறார மாவுச்சத்து சாப்பிட்டாலும் மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த நாளைத்தான் நீங்கள் இப்போது சம்பாதித்திருக்கிறீர்கள்.

அதற்காக அசையாமல் கிடக்கவும் வேண்டாம். 1903இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மொத்தமே ஆறு கட்டங்கள்தான். ஜூலை 1இல் தொடங்கி 19இல் முடித்தார்கள். ஒவ்வொரு கட்டமும் இரவையும் சேர்த்து ஓடியதால் இடையில் நாள் கணக்கில் ஓய்வு. இப்போது 21 கட்டங்கள், நடுவில் வழக்கமாக இரண்டே ஓய்வு நாள். அந்த நாட்களிலும் வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்டத்தான் செய்கிறார்கள். நீங்கள் சாயங்காலம் அரைமணி, லேசான கியரில், ஊருக்குள் சுற்றினால் போதும்.

வைகைக்கரை (பரமக்குடி)

அண்ணே, நம்ம பக்கம் வந்திருக்கீங்க, சந்தோஷம். கோவைக்காரர் சொன்னது சரி, ராமேஸ்வரத்துக்கு பஸ்லயே போங்க. தை மாசத்துல வாடைக்காத்து இன்னும் இருக்கும். போகும்போது முகத்துல அறையும். பாம்பன் ரோட்டுப் பாலம் ரெண்டேகால் கிலோமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு இடம் கிடையாது. அதுமேல ஆளுக பூராம் வண்டியை நிப்பாட்டி செல்ஃபி எடுத்துக்கிட்டு நிப்பாக. புதுப் பாலத்துல ரயிலு 2025 ஏப்ரல்ல இருந்து ஓடுது, அதுல போனாலும் நல்லாத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது வேற. உங்க டயரைப் பாத்தீங்களா? தொண்டியில இருந்து ராம்நாடு வரைக்கும் ரோட்டோரம் பூராம் சீமைக்கருவேலம். அந்த முள்ளு குத்துனா உடனே காத்து இறங்கும்னு நினைக்காதீங்க. நுனி ஒடிஞ்சு ரப்பருக்குள்ளயே உக்காந்துக்கும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு சாயல்குடி தாண்டி, பனைமரம் தவிர ஒரு ஈ காக்கா இல்லாத இடத்துல வேலையைக் காட்டும்.

டயரைக் கழட்டி உள்பக்கம் பூராம் பஞ்சை வச்சு மெதுவா ஒரு சுத்து தடவுங்க. விரலை விட்டுத் தேடாதீங்க, கிழிச்சுரும். முள்ளு இருக்க இடத்துல பஞ்சு நூல் சிக்கி நிக்கும். அங்கன வெளிப்பக்கத்துல இருந்து ஊக்கால குத்தித் தள்ளுனா நுனி உள்ள எட்டிப் பாக்கும், நகவெட்டியால புடிச்சு இழுத்துருங்க.

நிற்காத சக்கரம் (சேலம்)

எல்லாரும் ஓய்வு நாளுக்கு ஓட்டுப் போடுறீங்க, நான் எதிர்க்கட்சி. முழு நாள் ஓய்வு எடுக்கவே மாட்டேன். எடுத்தா மறுநாள் முட்டி மரக்கட்டையா இருக்கு, லாட்ஜுக்கு ஒரு நாள் வாடகை தண்டம், கும்பகோணம் சார் சொன்ன மாதிரி வேண்டாத யோசனை வேற. அதுக்குப் பதிலா அரைநாள். விடியக் கிளம்பி முப்பது நாப்பது கிலோமீட்டர், வெயில் ஏறுறதுக்குள்ள அடுத்த ஊர்ல ரூம் போட்டுட்டு மத்தியானம் பூரா தூக்கம். ஓய்வும் ஆச்சு, தூரமும் குறைஞ்சாச்சு. இப்பவே கிளம்பினா கீழக்கரையில மத்தியானச் சாப்பாடு.

உப்பளம் (தூத்துக்குடி)

அண்ணாச்சி, உங்க மூணாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லலியே. வரும். எனக்கும் வந்திருக்கு. தூத்துக்குடியில இருந்து வேளாங்கண்ணிக்கு ஓட்டினப்போ தொண்டியில ஒரு நாள் நின்னேன். அன்னிக்கு மத்தியானம் கட்டில்ல உக்காந்து அழுதேன், ஒரு காரணமும் இல்ல. ரோட்டுல எல்லாரும் "எங்கிருந்தும்மா வர்ற, எங்க போற"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. லாட்ஜ் ரூம்ல யாரும் கேக்கிறதில்ல. எதுக்குப் போறோம்னு நாமளே கேட்டுக்கிறோம், பதில் கிடைக்க மாட்டேங்குது.

அதுல இருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ஓய்வு நாள்ல எந்த முடிவும் எடுக்கிறதில்ல. நிறுத்தணும்னு தோணினா, சரி, நாளைக்குக் காலையில பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு நிறுத்திக்கிடலாம்னு தள்ளி வச்சிருவேன். இதுவரைக்கும் அந்த டீக்கடையில இருந்து திரும்பினதில்ல. இன்னொண்ணு, வயித்தைப் பாருங்க. ஓட்டுற அன்னிக்கு வெயில்ல பசி தெரியாது. நின்ன அன்னிக்குத்தான் மொத்தக் கணக்கும் கேக்கும். பாதி கவலை பசிதான். ராம்நாட்டுல நல்ல பிரியாணி கிடைக்கும், ரெண்டு தரம் சாப்பிடுங்க.

சேலம் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். தினம் ஒரு ஊர்ல ரூம் போடுறது உங்களுக்குச் சுலபம். தனியா ஒரு பொம்பளை சைக்கிளோட போய் நின்னு ரூம் கேட்டா ஆயிரம் கேள்வி வரும். அதனால எனக்கு ஓய்வு நாள்னா சாமி ஊர்தான். வேளாங்கண்ணி, ஏர்வாடி, திருச்செந்தூர் மாதிரி. நேர்ச்சைன்னு சொன்னா அடுத்த கேள்வி இல்ல. ஒரு இடம் தோதா அமைஞ்சா ரெண்டு ராத்திரி தங்கிருவேன். அது தண்டம் இல்ல.

அண்ணாச்சி, நாளைக்கு வழியில வேம்பாரு வரைக்கும் பனை நிழலாவது உண்டு. வைப்பாறு தாண்டி வேப்பலோடை வந்துட்டா ரெண்டு பக்கமும் உப்பளம், நிழலே கிடையாது, உப்பு வெளிச்சம் கண்ணுல குத்தும். கறுப்புக் கண்ணாடி இல்லன்னா இன்னிக்கே வாங்கி வச்சிருங்க.

கத்தரிக்கோல் (கும்பகோணம்)

எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் ஆயிடுச்சு, நடந்ததைச் சொல்லிடுறேன்.

கோவை சார் சொன்ன சோதனையைக் காகிதத்துக்குப் பதிலா காலர்ல வைக்கிற பக்ரம் துண்டுல செஞ்சேன், பையில ஒண்ணு கிடந்துச்சு. ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் பிடிக்குது. அதுக்கப்புறம்தான் சாப்பாடே இறங்குச்சு. சீட்டு விஷயமும் நீங்க சொன்னதுதான். பட்டுக்கோட்டையில ஒரு கடையில காத்து அடிக்க நின்னப்ப, உக்கார்ற இடம் வலிக்குதுன்னு சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து மூக்கை இறக்கி விட்டுட்டார். உக்கார்ற வலி குறைஞ்சது, கையில ஏறிடுச்சு. இப்ப பாதி தண்ணி இருந்த பாட்டிலை சீட்டு மேல நீளவாக்குல படுக்க வச்சு, தண்ணி மட்டம் பார்த்து நேர் பண்ணியிருக்கேன். மத்தியானம் தூங்கி எழுந்ததுல விரல் முக்கால்வாசி தெளிஞ்சிருக்கு. நாளைக்குக் கிளவுஸுக்குள்ள அந்த நரம்பு போற இடத்தை விட்டுட்டு ரெண்டு பக்கமும் ஃபோம் வச்சுத் தைச்சுக்கலாம்னு இருக்கேன். ஊசி நூல் எப்பவும் கூடவே இருக்கும்.

பரமக்குடி தம்பி, உங்களுக்குத்தான் பெரிய கும்பிடு. மெடிக்கல்ல பஞ்சு வாங்கி வந்து பின் டயரைக் கழட்டித் தடவினேன். வால்வு தாண்டி ஒரு சாண் போனதும் பஞ்சு ஒரு இடத்துல நின்னுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை, ரப்பர் நிறத்துலயே கறுப்பா ஒரு புள்ளி. ஊக்கால வெளியேருந்து தள்ளினா, அரிசிக் குறுணை அளவு நுனி தலையை நீட்டுது. அப்படி மூணு எடுத்தேன். ட்யூபுல அதுக்கு நேரா ஒரு தழும்பு, இன்னும் ஓட்டை விழலை. லாட்ஜ் பக்கெட்டுல தண்ணி பிடிச்சு முக்கிப் பார்த்தேன், குமிழி இல்லை. செயினை மண்ணெண்ணெய்க்கு வழியில்லாம பக்கத்து மெக்கானிக்கிட்ட கொஞ்சம் டீசல் வாங்கித் துடைச்சேன். பிரேக் கட்டையில மணல் ஏறி இருந்தது, சுரண்டி எடுத்தேன். இதெல்லாம் செஞ்சு முடிக்கிறப்ப மணி பன்னெண்டு. ஓய்வு நாள்னு பேரு.

இன்னிக்கு எனக்குப் பட்டது என்னன்னா, கால் தனக்கு வேணுங்கிறதைத் தானே கேட்டு வாங்கிக்குது. வலிச்சா நிக்கிறோம், நீவி விடுறோம். உள்ளங்கை, டயர், உக்கார்ற இடத்துத் தோல், இதெல்லாம் கேக்கிறதே இல்லை. நின்னு தேடிப் பாத்தாத்தான் தெரியுது. அதுக்கு ராமேஸ்வரத்தைவிட ராமநாதபுரம் தோதான ஊர். பாக்கணும்னு மனசைப் பிடிச்சு இழுக்கிற இடம் கம்மி. சைக்கிள் கடை, மெடிக்கல், துணி காயப்போட மொட்டை மாடி எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல. ராமேஸ்வரம்னா இருபத்திரெண்டு தீர்த்தமும் ஆடி, பிரகாரம் பூரா வெறுங்காலோட நடந்து, ராத்திரி இன்னும் களைச்சுப் போய்ப் படுத்திருப்பேன். வீட்டுல பேசிட்டேன். சித்திரையில ரெண்டு பேரும் ரயில்ல வர்றதா பேச்சு. அவங்களும் தனியா நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வர்றதைவிட அது மேல்னு சொல்லிட்டாங்க.

உப்பளம் தங்கச்சி, பிரியாணி ரெண்டு தரம் சாப்பிட்டேன். பாக்கிக்காரன் முகம் மறைஞ்சிடுச்சு. காலேஜ் ஃபீஸ் மறையலை, அது பிரியாணியில தீர்ற சமாச்சாரம் இல்லை. பத்து கிலோமீட்டர் கணக்கு நல்லா இருக்கு. மேப்புல பார்த்தேன், திருப்புல்லாணி சரியா அந்தத் தூரத்துல வருது. நீங்க சொன்ன டீயை அங்க குடிக்கிறேன். கறுப்புக் கண்ணாடியும் வாங்கியாச்சு.

நாலு மணிக்கு மேல லேசான கியர்ல ஊருக்குள்ள சுத்தினேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டா நல்ல துணியில உடனே தைக்க மாட்டோம், முதல்ல கழிவுத் துணியில கொஞ்ச நேரம் ஓட்டி எடுப்போம். இந்த அரைமணியும் அப்படித்தான் இருந்துச்சு. அரண்மனைப் பக்கம் போய் ராமலிங்க விலாசம் பார்த்தேன். சுவர் பூரா சேதுபதி காலத்து ஓவியம். அதுல எங்க தஞ்சாவூர் மராட்டிய ராஜாவோட சண்டை போட்டதையும் வரைஞ்சு வச்சிருக்காங்க. எந்த ஊர்லேருந்து வர்றேன்னு அங்க யார்கிட்டயும் சொல்லலை. சண்டையைவிட அவங்க போட்டிருக்கிற அங்கியோட கழுத்து வெட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன்.

சேலம் தம்பி, அரைநாள் யோசனை மோசமில்லை, முட்டிக்கு நல்லதுதான். ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. பேட் வச்ச ஷார்ட்ஸ் அரைநாள்ல காயாது. மேல்துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிடும், உள்ள இருக்கிற ஃபோம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அந்த ஈரத்தோட போட்டு ஓட்டினாத்தான் தோல் உரசிக் கொப்புளம் வருது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, முழு வெயில்ல காலையிலேருந்து போட்டுத்தான் இன்னிக்கு ரெண்டும் காஞ்சது.

நிற்காத சக்கரம் (சேலம்)

இதுக்கு எங்கிட்ட பதில் இல்லைண்ணே. எனக்கு அந்தக் கொப்புளம் வராத ட்ரிப்பே கிடையாது. கடையில வாங்குற ஷார்ட்ஸ் எல்லாம் பேட் ஓரத்துலதான் அறுக்குது. நீங்க தைச்சுக் குடுப்பீங்களா?

கத்தரிக்கோல் (கும்பகோணம்)

அறுக்கிறது பேட் இல்லை தம்பி, அதைச் சுத்தி ஓடுற தையல். ஓரத்தை மடிச்சு அடிச்சா மேடு கட்டிடும், அது தொடையில உரசும். மடிக்காம, தட்டையா வச்சு ஜிக்ஜாக்ல அடிக்கணும். நீளுற துணிக்கு நேர்த் தையல் போட்டா சீட்டுல ஏறி உக்கார்றப்ப நூல் பட்டுனு விட்டுடும். ஊசியும் சாதா ஊசி கூடாது, நுனி மழுங்கின பால்பாயிண்ட் ஊசி வேணும், இல்லாட்டி துணி ஓட்டை விழுந்து அங்கேருந்து பிரியும். நடுவுல வர்ற நாலு தையலும் ஒரே இடத்துல சேர விடாம, கவட்டுல தனியா ஒரு துண்டு வச்சு வெட்டினா, உக்கார்ற இடத்துல தையலே வராது.

இடுப்பு, தொடைச் சுத்தளவு, இடுப்புலேருந்து முட்டிக்கு மேல நாலு விரல் வரைக்கும் உயரம், மூணும் அனுப்புங்க. தொடையை நின்னுக்கிட்டு அளக்காதீங்க, சைக்கிள் மேல உக்காந்து காலை மடக்கி அளங்க. ஊர் திரும்பினதும் முதல்ல உங்களுது.